காசு வாங்கிக்கொண்டும் உதவலாம்

2020 ஊரடங்கில் நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து திருமங்கலம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தோம். தினமும் அறுபது பொட்டலம். ஒருநாள் தக்காளி சாதம், ஒருநாள் புளிசாதம். 38 நாள் ஓடியது. அப்புறம் கைக்காசு தீர்ந்தது. தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் போனை எடுக்கவே யோசித்தார்கள். நிறுத்திவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து அம்மாவுக்கு மருந்து வாங்க அந்தப் பக்கம் போனேன். வழக்கமாகப் பொட்டலம் வாங்கும் பெரியவர் ஒருவர் என் வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தார். மடித்து வைத்திருந்த பாலிதீன் பையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். என்னிடம் மாத்திரை அட்டை மட்டும்தான் இருந்தது.

அந்தப் பை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நாங்கள் செய்தது தப்பில்லை. அந்த நேரத்தில் அதைத்தான் செய்திருக்க வேண்டும். பசியோடு நிற்பவரிடம் கணக்குப் பேச முடியாது. ஆனால் கைக்காசையும் அடுத்தவர் பணத்தையும் மட்டுமே நம்பிய உதவி, அந்தப் பணம் நின்ற அன்றே நின்றுவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி: நிற்காத மாதிரி ஒன்றை என்னால் செய்ய முடியுமா?

பதில் எங்கள் வீட்டிலேயே இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. எங்கள் அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அரவிந்த் ஆஸ்பத்திரி கண் முகாம் போட்டார்கள். பரிசோதித்த அன்றே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் செய்து, ஊரிலேயே கொண்டுவந்து விட்டார்கள். அப்பத்தா ஒரு பைசா செலவழிக்கவில்லை. வந்து கண்ணாடியைக் கழற்றலாம் என்று சொன்ன அன்று, முறத்தை எடுத்து வைத்து அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டது. அதற்கு முன்னால் நாலைந்து வருடம் அந்த முறத்தை அது தொட்டதில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் கதையைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அதைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர். பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களை வைத்துக்கொண்டே கண் ஆபரேஷன் பழகி, தன் கையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன் செய்தார். 1976ல், 58 வயதில் அரசுப் பணியில் ஓய்வு பெற்றதும், தங்கை, தம்பி, மைத்துனர் என்று குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார்.

கட்ட முடிந்தவர்கள் கட்டணம் கட்டுவார்கள். அந்த வருமானத்தில், முடியாதவர்களுக்கு இலவசம். அறையும் படுக்கையும் வேறு வேறாக இருக்கலாம், ஆனால் ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் இரண்டு பக்கமும் அவர்களேதான். ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். தயார் செய்வதெல்லாம் கிராமத்திலிருந்து வந்து அங்கேயே பயிற்சி எடுத்த பெண்கள். டாக்டரின் நேரம் வீணாகாததால் செலவு இறங்குகிறது, இறங்கிய செலவில் இன்னும் சிலருக்குப் பார்வை கிடைக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது, ஏழைக்கு எட்டாத விலை. சரி, நாமே செய்வோம் என்று 1992ல் ஆரோலேப் என்று தனியாக ஆரம்பித்தார்கள். இன்று அந்த லென்ஸ் பல நாடுகளுக்குப் போகிறது.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. ஆரம்பத்தில் முகாமில் ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் நிறையப் பேர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஏன் என்று போய் விசாரித்தார்கள். பஸ் காசு இல்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, கூட வர ஆள் இல்லை. அப்புறம்தான் அந்த பஸ்ஸும் சாப்பாடும் வந்தது. எங்கள் அப்பத்தா ஏறிய பஸ் அப்படி ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டதால் வந்த பஸ்.

சேவை என்றால் காசைத் தொடக்கூடாது, தொட்டால் அது வியாபாரம் என்று நம் ஊரில் ஒரு எண்ணம் ஊறிக் கிடக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. கோயம்புத்தூர் முருகானந்தம் வெல்டிங் பட்டறைக்காரர். மலிவான மாதவிடாய் நாப்கின் மெஷினைச் செய்து, பெரிய கம்பெனிக்கு விற்காமல் மகளிர் குழுக்களிடம் கொடுத்தார். அந்தப் பெண்கள் நாப்கினை விற்கிறார்கள், அதில் சம்பாதிக்கிறார்கள். அதனால்தான் அது நடக்கிறது. அவர் தனக்குத் தெரிந்த பட்டறை வேலையிலிருந்து ஆரம்பித்தார், டாக்டர் தனக்குத் தெரிந்த கண்ணிலிருந்து ஆரம்பித்தார்.

எனக்குத் தெரிந்தது தையல். மூன்று மெஷின், ஒரு ஓவர்லாக், இரண்டு அக்காமார் வேலை செய்யும் சின்னக் கடை. ஜூன் மாதம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தால் தெரியும், அண்ணன் சட்டையைத் தம்பி போட்டிருப்பான். தோள் தையல் முழங்கைப் பக்கம் தொங்கும். பேன்ட்டை அரைஞாண் கயிற்றில் செருகியிருப்பான். அந்தப் பையன் போர்டுக்கு முன்னால் போய் நிற்கவே கூசுவான். நானும் அப்படிக் கூசியவன்தான்.

நான்கு வருடமாக ஜாக்கெட் தையல் கூலியில் பத்து ரூபாய் கூட்டி வாங்குகிறேன். எதற்கு என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். அந்தப் பணத்தில் மே கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும் பள்ளிக்கூட யூனிபார்ம் ஆல்டர் செய்வது இலவசம். அக்காமாருக்கு அந்த வேலைக்கும் கூலி உண்டு, அதில் நான் கை வைப்பதில்லை. இந்த வருடம் 212 உருப்படி. யாரிடமும் நன்கொடை கேட்கவில்லை.

ஒரு அம்மா பத்து ரூபாய் கொடுத்தே தீருவேன் என்றார். வாங்கிக்கொண்டேன். இலவசமாக வாங்கக் கூச்சப்படுகிறவரிடம் நாம் பிடிவாதம் பிடிப்பது நியாயமில்லை.

முதல் வருடம் ஒரு தப்பு செய்தேன். சட்டையின் ஓரத்தை வெட்டிவிட்டுத் தைத்தேன். அடுத்த ஜூனில் பையன் வளர்ந்து வந்து நிற்கிறான், பிரித்து இறக்கத் துணியே இல்லை. இப்போது வெட்டுவதில்லை, உள்ளே மடித்து இரண்டு இன்ச் விட்டுத்தான் தைக்கிறோம். தையல் கடை வைத்திருப்பவர்கள் யாராவது அடுத்த மே மாதம் இதைச் செய்ய நினைத்தால் கேளுங்கள். எந்த நிற நூல் எத்தனை கண்டு வாங்கி வைக்க வேண்டும் என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.