7-இல் 1 போனால் 5

ஞாயிற்றுக்கிழமை மேடைப் பேச்சின் காணொளியை எனக்கு யாரும் இனி அனுப்ப வேண்டாம். நான் அங்கேதான், மூன்றாவது வரிசையில் இருந்தேன். பக்கத்தில் சிறப்புத் தேவையுள்ள என் மகன், காதுக் கவசத்தோடு. "ரயில் படத்தை வைத்து விளையாடுவதற்கெல்லாம் இப்போது கல்வி என்று பெயர், எங்கள் காலத்தில் ஒரு பிரம்பு போதும்" என்று மேடையில் பேசிய அண்ணன் சொன்னதும் அரங்கம் சிரித்தது. அவர் பெயரை எழுத மாட்டேன், அவர்மேல் எனக்கு இன்னும் மரியாதை உண்டு. ஆனால் அந்த ரயில் படம் நான் போன மாதம் இங்கே போட்ட படம். என் பிள்ளையுடைய படம்.

அது விளையாட்டு இல்லை. அதுதான் அவனுக்குப் பாடம்.

தொடக்கநிலை ஒன்றில், அதாவது முதல் வகுப்பில், 7-இல் 1 போனால் 5 என்றுதான் எழுதுவான். ஒவ்வொரு முறையும் சிவப்பு மையில் அடிக்கோடு. அடிப்படையே இல்லை என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கும் அக்காதான் முதன்முதலாக அவனிடம் "எப்படி 5 வந்தது?" என்று கேட்டார். அவன் சிங்கப்பூரின் வடகிழக்கு ரயில் பாதையின் படத்தைக் காட்டினான், நிலையத்துக்கு நிலையம் எண் போட்ட படம். லிட்டில் இந்தியா 7, ஹார்பர்ஃபிரண்ட் 1. இடையில் 2 என்ற எண்ணில் நிலையமே இல்லை, 1-க்கு அடுத்து ஊட்ரம் பார்க் 3. 7-இலிருந்து 1-க்குப் போக ஐந்தே தாண்டல்கள். அவன் எண்ணியது சரி! அக்கா அந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் வரைந்து, "இங்கே ரயில் நிற்காது, ஆனாலும் எண்ணு" என்றார். அன்று அவனுக்குக் கழித்தல் வந்தது. ஒரு வருடம் வராதது ஒரு வட்டத்தில் வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், அது விளையாட்டு இல்லை.

தேர்வில் ரயில் படம் வருமா என்று கேட்பீர்கள். வராது. தேவைப்படும் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்விலேயே கூடுதல் நேரம், தனி அறை எல்லாம் கேட்டு விண்ணப்பிக்கலாம். தேர்வு நடத்துகிறவர்களுக்குப் புரிந்தது நமக்கு ஏன் புரியவில்லை? நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பாடம் தயாரிக்க முடியுமா என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி, எனக்கும் முழுப் பதில் தெரியாது. ஆனால் "எப்படி வந்தது?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் அவனுக்குச் செல்லம் கொடுக்கிறேன் என்று சொல்கிறவர்கள் ஒரே ஒரு நாள் என் வீட்டில் இருந்து பார்க்கட்டும்.

பிரம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் சின்ன மாமாவுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும். சொன்னபோது யாரும் நம்பவில்லை. நன்றாக அடி வாங்கினார். இந்த வாசிப்புச் சிக்கலுக்கான சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் 1991-இல்தான் தொடங்கியது, அதற்குள் அவர் பள்ளியை விட்டே போய்விட்டார். இன்றைக்கும் கோப்பிக்கடையில் விலைப்பட்டியலைப் பார்க்க மாட்டார், "எப்போதும் போல" என்பார். அண்ணன் சொல்லும் பிரம்பு என் குடும்பத்தில் என்ன செய்தது என்று எனக்குத் தெரியும்.

சட்டத்துக்கே நாள் பிடித்தது. கட்டாயக் கல்விச் சட்டம் 2003-இல் நடப்புக்கு வந்தபோது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கேட்க நல்ல சொல், ஆனால் அதன் பொருள் இவர்கள் பள்ளிக்கு வந்தே ஆகவேண்டும் என்றில்லை என்பதுதான். 2019-இல்தான் மிதமான, கடுமையான தேவை உள்ளவர்களும் அதற்குள் வந்தார்கள். இதற்கிடையே 2004-இல் தொடங்கிய பாத்லைட் பள்ளி மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள பிள்ளைகளுக்கு வழக்கமான பாடத்திட்டத்தையே அவர்களுக்கேற்ற முறையில் நடத்திக் காட்டியது. வரையத் தெரிந்த பிள்ளைகளுக்கு அங்கே தனிப் பயிற்சி, அவர்கள் படங்கள் பைகளிலும் குவளைகளிலும் அச்சாகி விற்பனைக்கு வருகின்றன. அதையும் விளையாட்டு என்பீர்களா?

என்னை உண்மையில் காயப்படுத்தியது வேறு. அது தமிழ் நிகழ்ச்சி. இளைய தலைமுறையிடம் தமிழைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று பேசிய அதே மேடை. என் மகனுக்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்கு வாங்கிவிடலாம் என்று எனக்கு ஆலோசனை வந்தது. இரண்டு மொழி அவனுக்குச் சுமையாம். நான் மறுத்தேன். ஏனென்றால் அவன் முழுதாகப் பேசிய முதல் தமிழ் வாக்கியம் ரயில் நிலைய அறிவிப்பு. நான்கு வயதில் சமையலறை வாசலில் நின்று, இடைவெளியைக் கவனிக்கச் சொன்னான். பாட்டி கரண்டியைப் போட்டுவிட்டு அழுதார். அதன்பிறகு நிலையப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தே எழுத்தைக் கற்றுக்கொண்டான். இந்தத் தமிழ் உங்களுக்கு வேண்டாமா? அவனும் இளைய தலைமுறை இல்லையா?

எல்லாரும் சிரித்தபோது அவனும் சிரித்தான். ரயில் என்ற சொல் மட்டும் அவனுக்குக் கேட்டிருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும்போது, "அந்தத் தாத்தாவுக்கும் ரயில் பிடிக்குமா?" என்று கேட்டான். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அண்ணன், கேட்கிறேன். பிடிக்குமா?