மாட்டராஸின்னா அந்த முட்டல் மட்டும்தானா?

ஒவ்வொரு வேர்ல்டு கப்புக்கும் அந்த கிளிப்ப யாராவது ஒருத்தர் தூக்கிட்டு வந்துடறாங்க. 2006 பெர்லின் ஃபைனல், இத்தாலி-பிரான்ஸ், எக்ஸ்ட்ரா டைம், பிரான்ஸ் கேப்டன் ஜிடேன் திரும்பி வந்து தலையால நெஞ்சுல முட்டறாரு, இத்தாலி டிஃபெண்டர் மாட்டராஸி மல்லாக்க விழறாரு. அதுக்குக் கீழ நம்ம சென்னைப் பசங்களே "நல்லா வேணும் இவனுக்கு"ன்னு எழுதறத பாத்தா எனக்கு மனசே ஆறல. அந்த மனுஷன் மூணு சீசன் நம்ம நேரு ஸ்டேடியத்துல நம்ம டீமுக்காக நின்னவருங்க, சென்னையின் எஃப்சிக்கு மொத ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கப்ப கோச்சா இருந்து வாங்கிக் குடுத்தவரு.

ஜிடேனோட கூடப் பொறந்தவள பத்தி இவரு பேசினது தப்புதான், அத அவரே ஒத்துக்கிட்டாரு, நான் அதுக்கு வக்காலத்து வாங்க வரல. ஆனா அதே மேட்ச முழுசா பாருங்க. ஏழாவது நிமிஷம் பிரான்ஸுக்கு பெனால்டி குடுத்ததே இவருக்கும் பிரான்ஸ் பிளேயர் மலூடாவுக்கும் நடந்த மோதலுக்குத்தான், ஜிடேன் கோல் போட்டுட்டாரு. வேர்ல்டு கப் ஃபைனல்ல அப்படி ஒண்ணு ஆனா எந்த டிஃபெண்டருக்கும் கை கால் ஓடாது, இவரு பத்தொன்பதாவது நிமிஷம் பிர்லோ போட்ட கார்னர்ல எழும்பி தலையால உள்ள தள்ளி 1-1 ஆக்கிட்டாரு, ஷூட் அவுட்லயும் தன்னோட கிக்க கரெக்டா போட்டாரு. இத்தனைக்கும் இன்னொரு இத்தாலி டிஃபெண்டர் நெஸ்டாவுக்கு அடிபட்டதாலதான் இவருக்கு எடமே கெடச்சுது.

இவரு ஒண்ணும் சின்ன வயசுலயே ஸ்டாரா வந்தவரு இல்ல. அப்பா கோச், ஆனா இவரு கீழ் டிவிஷன்ல மர்சாலா, ட்ரபானின்னு சிசிலி டீம்கள்ல ஆடி மேல வந்தவரு. 1998ல இங்கிலாந்து டீம் எவர்ட்டனுக்குப் போய் ஒரே சீசன்ல திரும்பிட்டாரு. அப்புறம் பெருஜியாவுல 2000-01 சீசன்ல டிஃபெண்டரா இருந்துக்கிட்டே லீக்ல 12 கோல், இத்தாலியோட டாப் லீக்கான சீரி ஆவுல டிஃபெண்டருக்கு அது அப்போ ரெக்கார்டு. அதுக்கு மேல பத்து வருஷம் இன்டர் மிலான். 2010ல மாட்ரிட்ல சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்ச ராத்திரி, கிளம்பிட்டிருந்த இன்டர் கோச் மொரின்யோ கார்ல இருந்து எறங்கி வந்து சுவர் ஓரமா நின்ன இவரக் கட்டிப் புடிச்சு அழுதாரே, அந்த வீடியோவ நான் எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. அந்த ஃபைனல்ல இவரு ஆடினது கடைசி ஒரு நிமிஷம்தான், ஆனா கோச் அழறதுக்குத் தேடி வந்த தோள் இவரோடது.

அந்த மனசோடதான் 2014ல இங்க பிளேயர் மேனேஜரா, அதாவது ஆடிக்கிட்டே கோச்சாவும், வந்தாருன்னு நான் நம்பறேன். மொத வருஷம் லீக்ல நாமதான் டாப்பு. நம்ம எலானோவுக்கு அதிக கோல் போட்டதுக்கான கோல்டன் பூட், கடைசியில நெஸ்டாவே வந்து ஆடினாரு. ரெண்டு மேட்ச் செமில மொதல்ல கேரளா கொச்சியில 3-0ன்னு அடிச்சிட்டாங்க, இங்க வந்து நாம மூணையும் திருப்பிக் குடுத்து எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் கொண்டு போய், முடிய மூணு நிமிஷம் இருக்கும்போது கேரளாவோட பியர்சன் போட்ட கோல்ல போச்சு. அன்னைக்கு ஸ்டேடியத்துல இருந்து சென்ட்ரல் வரைக்கும் நாங்க யாரும் பேசிக்காமலே நடந்தோம்.

2015தான் நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். சீசன் பாதி தாண்டியும் டேபிள்ல கீழ கெடந்தோம், கோச்ச மாத்துன்னு எழுதினவங்க நிறைய பேரு. கடைசி நாலு மேட்சையும் ஜெயிச்சு 22 பாயிண்ட்டோட மூணாவதா உள்ள போனோம். அப்பதான் டிசம்பர் வெள்ளம். முடிச்சூர்ல எங்க வீட்டுல கீழ்த்தளம் முழுக்க தண்ணி, நாங்க பெரம்பூர் பெரியம்மா வீட்டுக்கு வந்துட்டோம். ஊரே தண்ணியில கெடக்கறப்ப செமிய இங்க நடத்த முடியாம புனேவுக்கு மாத்திட்டாங்க, சொந்த கிரவுண்ட் இல்லாமலே கொல்கத்தாவ 3-0 அடிச்சாங்க நம்ம ஆளுங்க, பெலிசாரி, ஜெஜே, மெண்டோசா ஆளுக்கு ஒண்ணு.

ஃபைனல் டிசம்பர் 20, கோவா ஃபதோர்டா ஸ்டேடியம், எதிர் டீம் எஃப்சி கோவா, அவங்க கோச் ஜீகோ. பெலிசாரி பெனால்டிய கோவா கோல்கீப்பர் கட்டிமணி தடுத்தும் ரீபவுண்ட்ல போட்டாரு, கோவா உடனே ஈக்வல் பண்ணிட்டாங்க, அப்புறம் மெண்டோசா பெனால்டியையும் கட்டிமணி புடிச்சிட்டாரு, 87வது நிமிஷம் கோவாவோட ஜோஃப்ரே ஃப்ரீ கிக்ல அவங்களுக்கு 2-1. பெரியம்மா எழுந்து சாப்பாடு எடுத்து வைக்கப் போயிட்டாங்க. அவங்க தட்டு வைக்கறதுக்குள்ள கட்டிமணி கையில பட்டே பந்து உள்ள போயிடுச்சு, நாங்க கத்தின கத்துல அவங்க ஓடி வர்றப்ப மெண்டோசா மூணாவது போட்டுட்டான், அந்த சீசன்ல அவனுக்கு அது 13வது கோல். வீட்டுல எல்லாத்தையும் தண்ணிக்குக் குடுத்துட்டு உக்காந்திருந்த எங்கப்பா, ஃபுட்பால் பாக்கவே பாக்காத மனுஷன், அன்னைக்கு ரெண்டு வாரத்துல மொத தடவையா சிரிச்சாரு.

இவரு பெரிய டாக்டிக்ஸ் மேதைன்னு நான் சொல்லல. 2016ல எலானோ, மெண்டோசா ரெண்டு பேரும் இல்லாம ஏழாவதா முடிச்சோம், கடைசி மேட்ச் அதே ஃபதோர்டாவுல கோவாகிட்ட 5-4ன்னு தோத்தோம், டிஃபென்ஸ் அவ்ளோ ஓட்டையா இருந்துச்சு, அது இவரு பொறுப்புதான். 2017 மார்ச்ல கிளம்பிட்டாரு. ஆனா கீழ கெடக்கற டீம எழுப்பி நிறுத்தறது எப்படின்னு இவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, பெர்லின்ல பெனால்டி குடுத்துட்டு பன்னெண்டே நிமிஷத்துல கோல் போட்ட ஆளுக்கு அது யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

இங்கருந்து போனதுக்கப்புறம் அவரு வேற எந்த டீமுக்கும் மேனேஜரா போகல. அவரோட மேனேஜர் வாழ்க்கை மொத்தமும் சென்னையிலதான். பிளேயர் மாட்டராஸிய பத்தி மிலான்ல பேசுவாங்க, பெருஜியாவுல பேசுவாங்க. மேனேஜர் மாட்டராஸிய பத்தி நாம பேசலன்னா வேற யாரு பேசுவா? அந்த மூணு சீசன் ஸ்டாண்ட்ல இருந்தவங்க உங்ககிட்ட இருக்கற போட்டோ, வீடியோ எல்லாத்தையும் கமெண்ட்ல போடுங்க ப்ளீஸ், என்கிட்ட இருந்த பழைய டிக்கெட்டெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சு.