ஈராசிரியர் பள்ளியில் ஒற்றுமை எங்கே உடைகிறது?

ஆசிரியர்களிடையே ஒற்றுமை குறைந்துவிட்டது என்று ஒன்றியக் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். அதற்கு மருந்தாக ஆசிரியர் தினப் பொன்னாடையையும் ஒருநாள் சுற்றுலாவையும் சொல்கிறோம். சின்னப் பள்ளிகளில் மனக்கசப்பு தொடங்குவது காலை 8.50க்கு வரும் போனில்: "சார், இன்னைக்கு நான் சி.எல்." (தற்செயல் விடுப்பு).

கல்வி உரிமைச் சட்டம் 2009 கணக்குப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஒருவர் 1 முதல் 3, இன்னொருவர் 4, 5. அவர்களில் ஒருவரே தலைமையாசிரியரும். ஆளுக்கு 12 நாள் சி.எல். என்றால் ஆண்டுக்கு 24 நாள். பயிற்சி, கூட்டம், தேர்தல் பணி இதில் சேராது. ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழும் நாள் வந்தே தீரும் என்று தெரிந்தும், அந்த நாளுக்கென்று எதையும் எடுத்து வைக்காமல் இருக்கிறோம்.

ஜூன் முதல் வாரத்திலேயே இருவரும் காலண்டரோடு உட்கார்ந்து, ஊர்த் திருவிழா, வீட்டு விசேஷம் என்று தெரிந்த விடுப்புகளைக் குறித்துவிட வேண்டும். பிறகு பீரோவில் மூன்று கட்டு. ஒவ்வொரு கட்டிலும் ஒருநாள் முழுக்க ஐந்து வகுப்புக்கும் போதுமான வேலை: சிறியவர்களுக்கு ஒரே கதை, அதன்மேல் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைகளுக்குத் தனித்தனித் தாள், 4, 5க்கு வாசித்து எழுதும் பகுதியும் கணக்குகளும். இந்த ஏற்பாடு சாதாரணமாக ஆகஸ்டில் செத்துப்போகும், தீர்ந்த கட்டை யாரும் நிரப்பாததால். அதனால் விதி ஒன்று வேண்டும்: விடுப்பு எடுத்தவர்தான் அடுத்த வாரத்துக்குள் புதுக் கட்டு வைக்க வேண்டும். தனியாகச் சமாளித்தவர் அதைக் கண்ணால் பார்க்கும்போது பாதிக் கோபம் போய்விடும்.

அடுத்தது எமிஸ், அதாவது பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம். "உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் வரும்" என்று இளையவர் தலையில் கட்டுவது பாராட்டல்ல, சுமை. வருகைப்பதிவு தவிர்த்த மற்ற பதிவுகளை ஒரு தாளில் எழுதி, சரிபாதி பிரித்து, பருவத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய முதல் மாதம் வேலை இழுக்கும். "கொடுங்க, நானே முடிச்சிடறேன்" என்று வாங்கிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம், வாங்கிக்கொள்ளக் கூடாது.

ஆசிரியர் பயிற்சிக்கான குறுவள மையக் கூட்டத்தைப் பற்றி எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் அபூர்வமான நாள் அது. அதையும் புரொஜெக்டர் பார்த்தே கழித்துவிடுகிறோம். அரை மணி நேரம் போதும். ஒரே வகுப்பு எடுப்பவர்கள் ஆளுக்கு மூன்று நோட்டு கொண்டுவரட்டும். மணியான கையெழுத்து நோட்டு வேண்டாம், அதைப் பார்த்துப் பாராட்டுவதோடு பேச்சு முடிந்துவிடும். நடுத்தரமான நோட்டு வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளை 'பள்ளி'க்குப் பக்கத்துக்குப் பக்கம் 'பல்லி' என்று எழுதியிருக்கும். மேலே சிவப்பு மையில் 'பார்த்தேன்'. அந்தப் பக்கத்தை விரித்து வைத்து, "நீங்க ளகரத்தை எப்படிச் சொல்லித் தர்றீங்க டீச்சர்?" என்று ஒருவர் கேட்டால் போதும், பேச்சு தானாக வளரும்.

வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் 'மிக அவசரம்' வேண்டாம். விவரம் கேட்டால் மறுநாள் மதியம் வரையாவது நேரம் கொடுங்கள். தாமதித்த பள்ளிகளின் பெயர்ப் பட்டியலைக் குழுவில் போடாமல், தனியாக அழைத்துக் கேளுங்கள்.

கடைசியாக, 'ஸ்டாஃப்' என்றால் ஆசிரியர்கள் மட்டும் என்ற பழக்கம் மாற வேண்டும். சத்துணவு அமைப்பாளர், காலை உணவு சமைக்கும் சகோதரிகள், தூய்மைப் பணியாளர் எல்லோரையும் மாதம் ஒருமுறை நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். எந்தப் பிள்ளை நாலு நாளாகத் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.