அந்த வரி ஆஸ்டினின் கருத்து இல்லை

'வாசிப்பைப் போல இன்பம் வேறில்லை' என்று ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் உருகிச் சொன்னதாக உங்கள் பதிவில் போட்டிருக்கிறீர்கள். வரி அவர் எழுதியதுதான், கருத்து அவருடையதில்லை. 1813-இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் 11-ஆம் அத்தியாயத்தில் கரோலின் பிங்லி என்ற பாத்திரம் விடும் பீலா அது. அவள் வளைக்கப் பார்க்கும் நாயகன் டார்சி படிக்கும் புத்தகத்தின் இரண்டாம் பாகம் என்பதற்காகவே அதைக் கையில் எடுக்கிறாள். கண்ணெல்லாம் அவன் படிக்கும் பக்கத்தின் மேல். பெரிய கொட்டாவி ஒன்றை விட்டுவிட்டுத்தான் இந்த வசனம். கொஞ்ச நேரத்தில் மறுபடி கொட்டாவி, புத்தகத்தைத் தூக்கிப் போட்டாயிற்று. ஆஸ்டினின் குசும்பே அந்தக் கொட்டாவியில்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது நூலகச் சுவரொட்டி. உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. 2017-இல் வந்த 10 பவுண்டு நோட்டில் இங்கிலாந்து வங்கியே ஆஸ்டின் படத்தோடு இதைத்தான் அச்சடித்தது.