உப்பு கரையும், ஆனால் போகாது
குளிர்நாடுகளில் வாசலிலும் நடைபாதையிலும் உறைந்த பனியை உருக்க உப்புத் தூவுவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். "உப்பு இயற்கைப் பொருள்தானே, பனி உருகியதும் அதுவும் கரைந்து போய்விடும், தாராளமாகத் தூவலாம்" என்று அதில் வருவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கரைவது சரி, கரைந்து எங்கே போகும்? எங்கள் வீடு கடலோர ஊரான மணக்குடி பக்கம். 2004 சுனாமியில் கடல்நீர் ஏறி நின்றது கொஞ்ச நேரம்தான். ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்புறம் பல மாதம் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. கிணற்றடி முருங்கை, இலை நுனி கருகிக் கருகியே பட்டுப்போனது. டொராண்டோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பனி விலகிய ஏப்ரலில், நடைபாதை ஓரப் புல்லில் அதே கருகலைப் பார்த்தேன். உப்பில் இருக்கும் குளோரைடு மட்கிப் போகிற பொருள் இல்லை. ஓடையிலும் நிலத்தடி நீரிலும் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். அதற்காக உப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை, வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும். மகள் முதலில் பனியைச் சுத்தமாகத் தள்ளிவிடுவாள், அப்புறம் படியிலும் வாசலிலும் மட்டும் உப்புக் கற்களை ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தூவுவாள். 20 அடி கார்ப் பாதைக்கே தூவுவதானாலும் ஒரு பெரிய காபிக் கோப்பை உப்பு போதும். கரையாமல் கிடக்கும் கற்களைக் கூட்டி அள்ளி, அடுத்த முறைக்கு வாளியில் போட்டு வைப்பாள். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதா உப்பு அநேகமாக வேலை செய்யாது, எவ்வளவு கொட்டினாலும் வீண். 'உப்புக்குப் பதில் மணல் போட்டால் போதாதா' என்று கேட்பவர்களுக்கு: மணல் ஐஸை உருக்காது, காலுக்குப் பிடிமானம் தரும், அந்தக் குளிருக்கு அதுதான் சரி, ஆனால் பனி போனதும் கூட்டி அள்ளாவிட்டால் மழைநீர் வடிகாலை அடைத்துவிடும்.