புகார் வந்தால் சங்கம் யார் பக்கம் நிற்க வேண்டும்?

அப்பா முப்பத்தோரு வருடம் ஹோமியோபதி பார்த்தார். புதிதாக ஒருவர் வந்தால் கேஸ் எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். தாகம் எப்படி, தூக்கம் எப்படி, வெயில் ஒத்துக்கொள்ளுமா, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதுவார். அந்த நோட்டுகளில் ஒரு பக்கம் மட்டும் வேறு மாதிரி இருக்கும். அதில் மருந்தின் பெயரே கிடையாது. "உடனே ஆஸ்பத்திரி" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருப்பார்.

பதினோரு வயதுப் பையன். மூன்று வாரமாக ஓயாத தாகம், ராத்திரி முழுக்க சிறுநீர், ஆள் துரும்பாக இளைத்திருந்தான். அதுவரை அவனைப் பார்த்தவர் அப்பா இருந்த அதே சங்கத்தின் உறுப்பினர். நோய் கூடக் கூட, "மருந்து வேலை செய்கிறது, முதலில் ஏறித்தான் அப்புறம் இறங்கும்" என்று பெற்றோரைச் சமாதானப்படுத்தியிருக்கிறார். அப்பா அன்று கேஸே எடுக்கவில்லை. பையன் மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விடுவதையும், வாயிலிருந்து வந்த பழவாடையையும் கவனித்தவர், நாற்காலியில் உட்காரக்கூட விடாமல் வண்டியில் ஏற்றி அனுப்பினார். முதல் வகை சர்க்கரை நோய், ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்ட நிலை. இன்சுலின் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

அப்பா சங்கத்துக்குப் புகார் எழுதினார். ஐந்து மாதம் கழித்து வந்த பதில் நான்கு வரி. வெளியில் தெரிந்தால் நம் எல்லாருக்கும் கெட்ட பெயர், இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அந்த இருவர் யார் யார் என்று யோசித்துப் பாருங்கள். பையனோ அவன் அம்மாவோ அந்தக் கணக்கில் இல்லை.

ஹோமியோபதி மருத்துவர்களின் சங்கம் எதற்காக இருக்க வேண்டும் என்று யாராவது பேசினால் எனக்கு முதலில் அந்த நான்கு வரிதான் நினைவுக்கு வருகிறது. மாநாடு நடத்தட்டும், சான்றிதழ் கொடுக்கட்டும், தொழில் காப்பீட்டுக்கு வழி செய்யட்டும். அதெல்லாம் உறுப்பினருக்கு. தன் உறுப்பினர் மேலேயே நோயாளி ஒருவர் புகார் கொடுக்கும்போது சங்கம் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் நான் அதை எடைபோடுவேன்.

இந்தச் சங்கங்கள் ஏன் தம் ஆட்களைச் சுற்றிச் சுவர் எழுப்பும் பழக்கத்துக்கு வந்தன என்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1844-இல் அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹோமியோபதி தொடங்கியது. அந்த நாட்டின் முதல் தேசிய மருத்துவச் சங்கமே அதுதான். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-இல் வந்தது. ஹோமியோபதியரோடு சேர்ந்து நோயாளியைப் பார்க்கக்கூடாது என்று தன் நெறிமுறையில் எழுதிவைத்தது. வெளியிலிருந்து இப்படி அடி விழும்போது உள்ளே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கத் தயங்குவது மனித இயல்பு. ஆனால் அந்த 1844 சங்கத்தின் நோக்கங்களைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒன்று, மருந்துகளைப் பற்றிய அறிவைத் திருத்தி வளர்ப்பது. இன்னொன்று, இந்த முறையை ஒழுங்காகக் கற்காமலேயே தெரிந்ததுபோல் நடிப்பவர்களைத் தடுப்பது. தன் வீட்டைத் தானே பெருக்குவது பிறந்த அன்றே எழுதப்பட்ட கடமை.

ஹோமியோபதியைத் தொடங்கிய ஜெர்மன் மருத்துவர் ஹானிமனும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. 1829-இல் அவர் டாக்டர் பட்டம் பெற்ற ஐம்பதாவது ஆண்டு விழாவுக்குக் கோத்தனில் கூடியவர்கள்தான் ஜெர்மனியில் முதல் சங்கத்தை அமைத்தார்கள். மூன்றே ஆண்டில், 1832-இல், லீப்சிக்கில் இருந்தவர்களை 'அரைகுறை ஹோமியோபதியர்' என்று பத்திரிகையிலேயே சாடினார். ஆனால் அந்தச் சண்டை கொள்கை பற்றியது. தன் கொள்கையோடு பழைய வைத்தியத்தையும் கலக்கிறார்கள் என்பதுதான் அவர் கோபம். இன்றைக்கும் சங்கங்களில் அதே வழக்கம் தொடர்வதைப் பார்க்கிறேன். ஒரே மருந்தா, கலவை மருந்தா என்று விடிய விடிய வாதாடுவார்கள். நோயாளிக்கு நேர்ந்த தீங்கு என்று வந்தால் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும்.

அதிகாரம் இல்லாத சங்கத்தால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஏனென்றால் நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. இந்தியாவில் 1973-இலேயே மத்திய சட்டம் வந்தது. இப்போது 2020 சட்டத்தின் கீழ் தேசிய ஹோமியோபதி ஆணையம் இருக்கிறது. படிப்பும் பதிவும் சட்டப்படி. பதிவு இல்லாமல் தொழில் செய்வது குற்றம். பிரிட்டனில் அப்படி இல்லை. 'ஹோமியோபதியர்' என்ற பெயருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு கிடையாது, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். சங்கம் ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கினால், அவர் மறுநாளே அதே அறையில் வேலையைத் தொடரலாம். அதிகாரம் குறைவாக இருக்கும் இடத்தில்தான் சங்கத்தின் சொல்லுக்கு இன்னும் கனம் வேண்டும் என்று நினைக்கிறேன். நோயாளிக்கு அங்கே வேறு கதவுகள் அதிகம் இல்லை.

அதே பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். சொசைட்டி ஆஃப் ஹோமியோபத்ஸ் என்ற சங்கத்தின் பதிவேட்டுக்கு 2014-இல், சுகாதாரத் தொழில் அமைப்புகளை மேற்பார்வையிடும் தொழில்முறைத் தர ஆணையம் அங்கீகாரம் கொடுத்தது. பிற்பாடு, ஆட்டிசத்தைச் சரிசெய்வதாகச் சொல்லும் 'சீஸ்' என்ற முறையைச் சில உறுப்பினர்கள் செய்துவந்தது பெரிய கேள்வியானது. ஆணையம் நிபந்தனைகள் விதித்தது. அவை நிறைவேறவில்லை என்று 2021 ஜனவரியில் அங்கீகாரத்தை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு சங்கம் அந்த அங்கீகாரத் திட்டத்தைவிட்டே விலகிக்கொண்டது. எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், ஒழுங்காக வேலை செய்த உறுப்பினர்களும் சேர்ந்து அந்த முத்திரையை இழந்தார்கள். சிலரை நேரத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லாருக்கும் இது நேர்ந்திருக்காது.

சங்கம் செய்ய வேண்டிய அடுத்த வேலை, 'எங்கே நிறுத்த வேண்டும்' என்று எழுதிவைப்பது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி., காசநோய், மலேரியா, இன்ஃபுளூயன்சா, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு ஹோமியோபதியை நம்பி இருக்க வேண்டாம் என்று எச்சரித்தது. இதை ஒவ்வொரு சங்கமும் தானே முன்வந்து சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் பட்டியல் இன்னும் நீள வேண்டும். இன்சுலின், வலிப்பு மாத்திரை, காசநோய் மருந்து, ஆஸ்துமா இன்ஹேலர், புற்றுநோய் சிகிச்சை: இவற்றை எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் குறைக்கவோ நிறுத்தவோ எந்த உறுப்பினரும் சொல்லக்கூடாது. சொன்னால் பதிவு போகும். இந்த இரண்டு வாக்கியம் எந்த விதிப் புத்தகத்திலும் அடங்கும்.

'முதலில் கூடும்' என்ற அந்த வார்த்தைக்கும் ஒரு எல்லை கட்ட வேண்டும். அக்ரவேஷன் என்று பாடத்தில் படிக்கிறார்கள். மருந்துக்குப் பின் அறிகுறி அதிகமானால் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதைவிட ஆபத்தான ஆறுதல் இருக்க முடியாது. நோயாளி தேறினாலும் மருந்து, மோசமானாலும் மருந்து என்றால், தப்பு நடந்திருக்கிறது என்று வைத்தியருக்கு எப்போது தெரியும்? எடை குறைந்தால், மூச்சு வாங்கினால், குழந்தை சோர்ந்து கிடந்தால் அதை அக்ரவேஷன் என்று அழைக்கவே கூடாது என்று சங்கம் பயிற்சி வகுப்பில் சொல்லித்தர வேண்டும். அப்பா தெரிந்துவைத்திருந்தது அவருடைய தனிப்பட்ட அக்கறையால். பையனின் உயிர் அப்படி ஒருவர் கிடைக்கும் அதிர்ஷ்டத்தில் தொங்கியிருக்கக் கூடாது.

மருந்து விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. 'அத்தனையும் நீர்த்தது, ஒன்றும் செய்யாது' என்ற பேச்சு முழு உண்மை இல்லை. 12சி-யை, அதாவது நூறில் ஒரு பங்காகப் பன்னிரண்டு முறை நீர்த்த அளவைத், தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு கூட மிஞ்ச வாய்ப்பு மிகக் குறைவு, சரி. ஆனால் மதர் டிங்சர் என்ற நீர்க்காத மூலச் சாற்றிலும், தாழ்ந்த பொட்டன்சியிலும், அதாவது சில முறை மட்டுமே நீர்த்த மருந்திலும், நிஜமான பொருள் இருக்கிறது. 2010-லும் 2016-லும் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது கொடுக்கும் ஹோமியோபதி மாத்திரைகளைப் பற்றி எச்சரித்தது. அவற்றில் பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் அளவு ஒரே சீராக இல்லை. இந்த மாதிரிச் செய்தி வந்த அன்றே உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சங்கத்திலிருந்து தகவல் போக வேண்டும்.

இந்த மருத்துவமே வேலை செய்கிறதா என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 176 ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் இது பயன் தருவதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2015-இல் சொன்னது. நான் அந்த முடிவை ஏற்கிறேன். அப்பா கடைசிவரை ஏற்கவில்லை. இதைப் பற்றி எங்கள் வீட்டில் குரல் உயர்ந்த நாட்கள் உண்டு. ஆனால் அந்தப் பையன் விஷயத்தில் எங்களுக்குள் ஒரு நாளும் கருத்து வேறுபாடு வந்ததில்லை. மக்கள் இந்த வைத்தியரிடம் போய்க்கொண்டுதான் இருக்கப்போகிறார்கள். அப்படிப் போகிறவர்களைக் காப்பது, ஆதாரத்தை நம்புகிறவருக்கும் மருந்தை நம்புகிறவருக்கும் பொதுவான வேலை.

அப்பா புகார் எழுதியதற்கு அடுத்த ஆண்டு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் தபாலில் வந்தது. அப்பா பெயரும் அந்த இன்னொருவர் பெயரும் ஒரே பக்கத்தில், மூன்று வரி இடைவெளியில். அப்பா அதற்குப் பிறகும் சந்தா கட்டினார், கூட்டத்துக்குப் போனார், ஒவ்வொரு பொதுக்குழுவிலும் எழுந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்: "போன வருடம் எத்தனை புகார் வந்தது, ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று?" பதில் வந்ததே இல்லை. இதைப் படிக்கிறவர்களில் ஏதாவது ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் இருந்தால், உங்கள் அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.