ஐவசோவ்ஸ்கி கரையில் நின்று வரைந்தவர் அல்ல

19-ஆம் நூற்றாண்டு ரஷ்யக் கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கி கடற்கரையில் நின்று அலையைப் பார்த்துப் பார்த்தே வரைந்தார், படம் மின்ன ஒளிரும் சாயமும் கலந்தார் என்று சிலர் சொல்வதுண்டு. இரண்டுமே தவறு.

கரையில் அவர் எடுத்தது பெரும்பாலும் பென்சில் குறிப்புகள்தான். வண்ணம் தீட்டியது கிரிமியாவின் துறைமுக நகரான ஃபியோதோசியாவில், தன் வீட்டு ஓவியக் கூடத்தில், நினைவிலிருந்து. மின்னலும் காற்றின் வீச்சும் அலையின் தெறிப்பும் தூரிகைக்கு நிற்காது என்பது அவர் கருத்து.

ஒளிக்குக் காரணம் மெல்லிய எண்ணெய் வண்ணப் பூச்சு. 1850-இல் வரைந்த 'ஒன்பதாம் அலை'யில் (221 × 332 செ.மீ.) அலை முகட்டுக்குச் சற்றுக் கீழே பாருங்கள்: தண்ணீர் கண்ணாடிப் பச்சையாக இருக்கும். வெளிர் அடித்தளத்தின் மேல் ஊடுருவித் தெரியும் பச்சையை மெலிதாகப் பூசினால், உள்ளே போன ஒளி அடித்தளத்தில் பட்டுத் திரும்பி வரும். அந்தப் பச்சையில் வெள்ளையைக் கலந்தால் போச்சு, சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். நுரைக்குத்தான் கெட்டி வெள்ளை, அதுவும் கடைசியில். அடிப்பூச்சு காயுமுன் மேலே பூசினால் நாளடைவில் வெடிப்பு விடும்.

இன்னொன்று: பின்னாளில் இயற்கைக் காட்சி ஓவியராகப் பெயர்பெற்ற குயின்ஜி, ஐவசோவ்ஸ்கியிடம் முறையாகப் பயின்ற சீடர் என்பதும் மிகை. 1855-இல் தேடிப் போன அந்தப் பையனுக்குக் கிடைத்தது வண்ணம் அரைக்கும் வேலை. கற்றுக்கொடுத்தவர் பெரும்பாலும் அங்கிருந்த ஓவியர் அடால்ஃப் ஃபெஸ்லர். ஐவசோவ்ஸ்கி ஓவியப் பள்ளி தொடங்கியதே 1865-இல்தான்.